கணினியோடு அரசியலைப் படிப்பது: வாசகர் கேள்வி பதில்

அரசியலறிவியல், சமூகவியல், பொது நிர்வாகம் ஆகியவற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் அண்மையில் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை கணினிவழி ஆய்வு முறைகளைக் கற்பது குறித்தவை. அவற்றில் ஏழு கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: மேல்நிலைப் பள்ளியில் வரலாற்றுப் பிரிவில் படித்தேன், கணிதத்தைப் பத்தாம் வகுப்போடு விட்டுவிட்டேன். இப்போது அரசியலறிவியல் முதுகலை முதலாண்டு. நிரல் எழுதத் தெரியாவிட்டால் இனி ஆய்வுப் படிப்பில் இடமில்லை என்று மூத்த மாணவர்கள் அச்சுறுத்துகிறார்கள். என்னால் கற்க முடியுமா? 'ஆர்' மொழியைக் கற்பதா, பைத்தானைக் கற்பதா?
முதுகலை மாணவி, திருநெல்வேலி

உறுதியாகக் கற்க முடியும். சமூக அறிவியலுக்கான கணினிக் கருவிகளில் மிகப் பழையவற்றுள் ஒன்றும் நம் கல்லூரிகளில் இன்றும் புழங்குவதுமான எஸ்.பி.எஸ்.எஸ்., 1968-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அரசியலறிவியல் ஆய்வு மாணவராக இருந்த நார்மன் நை என்பவர் இரு நண்பர்களுடன் சேர்ந்து உருவாக்கியது; தம்மிடம் குவிந்த கருத்தாய்வுத் தரவுகளைக் கையாள வேண்டிய தேவையே அவரை அந்தப் பணியில் இறக்கியது. ஆகவே இந்தத் துறைக்குள் நீங்கள் விருந்தாளியாக நுழையவில்லை.

தொடக்கத்துக்குத் தேவையான கணிதம் சதவீதம், சராசரி, திட்ட விலக்கம், நிகழ்தகவின் அடிப்படை, ஒட்டுறவு (இரு அளவுகள் எந்த அளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பது) ஆகிய ஐந்துதான். தமிழ்நாட்டு அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் புள்ளியியல் பாடநூல்கள் தமிழிலேயே இருக்கின்றன. இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி அவற்றைக் கணக்குப் போட்டுப் படியுங்கள். கண்ணால் மட்டும் படித்தால் ஒன்றும் நிற்காது.

மொழித் தேர்வைப் பொறுத்தவரை, 'ஆர்' என்பது நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. பைத்தான் எல்லாப் பணிகளுக்குமான பொது மொழி. இரண்டும் இலவசம். தேர்தல் முடிவுகளையும் கருத்தாய்வுகளையும் ஆராய விரும்புகிறவருக்கு நான் 'ஆர்' மொழியையே சொல்வேன். ஆனால் உங்கள் கல்லூரியில் பைத்தான் தெரிந்த ஒரு தோழி இருந்து, 'ஆர்' தெரிந்தவர் ஒருவரும் இல்லையென்றால், தயங்காமல் பைத்தானைக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதங்களில் பக்கத்தில் அமர்ந்து பிழையைக் காட்டித்தர ஓர் ஆள் இருப்பது மொழியின் தன்மையை விட முக்கியமானது.

முதல் பயிற்சியாக உங்கள் சொந்தத் தொகுதியின் படிவம் 20-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகளைக் காட்டும் அந்த ஆவணத்தைத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்திலிருந்து பதிவிறக்கலாம். பல தொகுதிகளுக்கு அது அச்சுத்தாளை வருடிய படமாகவே இருக்கும். ஒரு வரிக்கு ஒரு சாவடி. பத்திதோறும் ஒரு வேட்பாளர். அவற்றை அடுத்துச் செல்லுபடியான வாக்குகளின் கூட்டுத்தொகை, நிராகரிக்கப்பட்டவை, நோட்டா, மொத்தம். முதல் இருபது சாவடிகளைக் கையால் தட்டச்சு செய்யுங்கள். பிறகு, ஒவ்வொரு வரியிலும் வேட்பாளர்களின் வாக்குகளைக் கூட்டினால் தாளில் அச்சாகியுள்ள கூட்டுத்தொகை வருகிறதா என்று சரிபார்க்க ஒரு கட்டளை எழுதுங்கள். ஏதோ ஒரு வரியில் வராது. 8 என்று நீங்கள் படித்தது 3 ஆக இருக்கும். அந்தப் பிழையை உங்கள் கட்டளை கண்டுபிடித்துத் தரும் அன்றைக்கு நிரலாக்கம் எதற்கு என்ற கேள்வி உங்களுக்கு எழாது.

கேள்வி: ஒரு கட்சியின் வாக்கு விகிதத்தையும் எழுத்தறிவு விகிதத்தையும் 234 சட்டமன்றத் தொகுதிகளுக்கும் தொகுத்து ஒப்பிட்டேன். எழுத்தறிவு கூடும் தொகுதிகளில் அக்கட்சியின் வாக்கு குறைகிறது. 'படித்தவர்கள் இக்கட்சிக்கு வாக்களிப்பதில்லை' என்று என் ஆய்வேட்டில் எழுத நெறியாளர் தடை சொல்கிறார். ஏன்?
முனைவர் பட்ட ஆய்வாளர், சேலம்

உங்கள் நெறியாளர் சொல்வது சரி. உங்களிடம் உள்ள அட்டவணையில் ஒவ்வொரு வரியும் ஒரு தொகுதி; நீங்கள் எழுத விரும்பும் வாக்கியமோ மனிதர்களைப் பற்றியது. இந்த இடைவெளியை மிகத் தெளிவாகக் காட்டியவர் டபிள்யூ. எஸ். ராபின்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். 1930-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து 1950-இல் அவர் எழுதிய கட்டுரையில், வெளிநாட்டில் பிறந்தவர்கள் மிகுதியாக வாழும் மாநிலங்களில் எழுத்தறியாதோர் குறைவாக இருப்பதைக் காட்டினார். மாநில அளவில் ஒட்டுறவுக் கெழு −0.53. இதைப் பார்ப்பவர், குடியேறியவர்கள் உள்நாட்டவரை விட அதிகம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்றே முடிவு செய்வார். ஆனால் அதே கணக்கெடுப்பில் தனியாட்களை எடுத்துக் கணக்கிட்டபோது கெழு +0.12 என்று எதிர்ப்பக்கம் திரும்பியது. குடியேறியவர்களிடையேதான் எழுத்தறியாமை சற்றுக் கூடுதலாக இருந்தது. உள்ளூர் மக்களின் எழுத்தறிவு ஏற்கெனவே உயர்ந்திருந்த மாநிலங்களில் அவர்கள் சென்று குடியேறியதே மாநில அளவிலான எண்ணைப் புரட்டிப் போட்டது.

உங்கள் தரவிலும் இப்படி நேர்ந்திருக்கலாம். எழுத்தறிவு மிகுந்த தொகுதிகள் பெரும்பாலும் நகரத் தொகுதிகள். அங்கு அக்கட்சி போட்டியிடாமல் கூட்டணிக் கட்சிக்கு விட்டுக்கொடுத்திருந்தாலே உங்கள் வரைபடம் கீழ்நோக்கிச் சாய்ந்துவிடும். தமிழ்நாட்டில் கூட்டணியைக் கணக்கில் சேர்க்காமல் கட்சி வாக்கு விகிதத்தைத் தொடுவதே தவறு என்பேன்.

தொகுதித் தரவிலிருந்து மனிதர்களைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 1953-இல் டங்கன், டேவிஸ் என்ற இருவர் சொன்ன எளிய வழி ஒன்றுண்டு. 1,000 பேர் வாக்களித்த ஒரு சாவடியில் 600 பேர் எழுத்தறிந்தவர்கள், 400 பேர் அறியாதவர்கள், கட்சி பெற்றது 700 வாக்குகள் என்று கொள்வோம். எழுத்தறியாத 400 பேரும் அக்கட்சிக்கே வாக்களித்திருந்தாலும் எஞ்சிய 300 வாக்குகள் எழுத்தறிந்தவர்களிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆகவே எழுத்தறிந்தவர்களிடையே அக்கட்சியின் ஆதரவு 50 சதவீதத்துக்குக் குறைய வழியில்லை. உறுதியாகச் சொல்லக்கூடிய எல்லை இது. இதற்கு மேல் சொல்ல, தனியாட்களிடம் கேட்ட கருத்தாய்வு வேண்டும். தில்லியிலுள்ள சமூக ஆய்வு நிறுவனமான சி.எஸ்.டி.எஸ்.-இன் லோக்நீதி பிரிவு நடத்தும் தேசியத் தேர்தல் ஆய்வுகள் அத்தகையவை.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: தொகுதிவாரியான எழுத்தறிவு விகிதம் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாவட்டம், வட்டம், ஊர் என்ற அலகுகளில் வெளியாகிறது. சட்டமன்றத் தொகுதி அதன் அலகு இல்லை. யாரோ ஊர்களைச் சேர்த்துத் தொகுதியாக்கியிருக்கிறார்கள் என்றால், அவர்கள் எப்படிச் சேர்த்தார்கள் என்பது உங்கள் ஆய்வேட்டில் இடம்பெற வேண்டும். மேலும் கணக்கெடுப்பில் எழுத்தறிவு ஏழு வயது முதல் கணக்கிடப்படுகிறது. வாக்குரிமையோ பதினெட்டில் வருகிறது. 2008-ஆம் ஆண்டின் மறுவரையறைக்கு முந்தைய தேர்தல்களையும் சேர்த்திருந்தால் சிக்கல் இன்னும் கூடும். பெரியகுளம் மக்களவைத் தொகுதி தேனியாகவும் சிவகாசி விருதுநகராகவும் மாறியதைப் பெயரே காட்டிக்கொடுத்துவிடும். அதே பெயரில் நீடித்து எல்லை மட்டும் மாறிய தொகுதிகளே ஆய்வாளரை ஏமாற்றுபவை.

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாக எஸ்.பி.எஸ்.எஸ்.-இல்தான் பாடம் நடத்துகிறேன். அதைக் கைவிட வேண்டுமா?
உதவிப் பேராசிரியர், விருதுநகர்

வேண்டாம். பட்டியைச் சொடுக்கும்போது அது பின்னணியில் கட்டளைகளாக எழுதிக்கொள்ளும். அந்தக் கட்டளைக் கோப்பைச் சேமித்து வைக்க மாணவர்களைப் பழக்குங்கள். செய்த ஒவ்வொரு படியும் எழுத்தில் இருக்க வேண்டும் என்ற பழக்கம் வந்துவிட்டால், மென்பொருளை மாற்றிக்கொள்வது பிறகு சிறு வேலைதான்.

கேள்வி: சட்டமன்றத்தின் வரவு செலவுத் திட்ட விவாதங்களில் வரி, குடிநீர், வேலைவாய்ப்பு ஆகியவை எத்தனை முறை பேசப்பட்டன என்று எண்ண விரும்புகிறேன். ஆங்கிலத்துக்கான வழிகாட்டிகளைப் பின்பற்றினேன். வந்த எண்கள் நம்பும்படி இல்லை. எங்கே தவறு?
இதழியல் மாணவர், சென்னை

உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்த பகுதியைத் தொடுவதால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

'வரி' என்ற சொல்லை எண்ணச் சொன்னால் கணினி அந்த எழுத்துகள் வரும் இடங்களையெல்லாம் எண்ணும். 'முதல்வரின்' என்ற சொல்லை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்: மு, த, ல், வ, ரி, ன். நடுவில் 'வரி' இருக்கிறது. 'தலைவரிடம்', 'அவரிடம்', 'விவரிக்க' என எல்லாவற்றிலும் இருக்கிறது. சட்டமன்றப் பேச்சில் முதல்வரும் தலைவரும் குறிப்பிடப்படாத பக்கம் இருக்காது. ஆகவே வரியைப் பற்றிப் பேசாதவர்கூட உங்கள் கணக்கில் வரியைப் பற்றியே ஓயாமல் பேசியவராகிவிடுவார். சரி, சொல்லின் தொடக்கத்தில் வந்தால் மட்டும் எண்ணு என்று திருத்தினால், 'வரிசை' உள்ளே வந்துவிடும். 'சொத்துவரி' வெளியே போய்விடும். இதற்குக் குறுக்குவழி இல்லை. விவாதத்தின் ஐம்பது பக்கங்களை முதலில் நீங்களே படித்து, வரியைக் குறிக்கும் சொல்வடிவங்களைப் பட்டியலிட்டு, அதைத் தனியே நீக்க வேண்டிய பட்டியலோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டும்.

வேற்றுமை உருபுகளும் நம்மைச் சோதிக்கும். 'குடிநீர்' என்று தேடினால் 'குடிநீருக்கு', 'குடிநீரை' இரண்டும் கிடைக்காது. ஏனெனில் ஒருங்குறியில் (யூனிகோடில்) 'ர்' என்பது ரகரத்தைத் தொடர்ந்து வரும் புள்ளி என்று இரண்டு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது, 'ரு' என்பதில் புள்ளியின் இடத்தை உகரக் குறி பிடித்துக்கொள்கிறது. புள்ளியை விட்டு 'குடிநீர' என்று தேடினால் எல்லாம் அகப்படும். தமிழ் இலக்கணம் தெரிந்தவருக்கு இது உடனே விளங்கும். நீங்கள் பள்ளியில் படித்த புணர்ச்சி விதிகள் இங்கே நேரடியாகப் பயன்படும்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத சிக்கல். 'தொகுதி' என்ற சொல்லில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது. ஆனால் முதல் வகையில் அந்தச் சொல்லுக்கு ஆறு குறிகள், இரண்டாவது வகையில் ஏழு; கணினியின் பார்வையில் இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஒருங்குறியிலேயே இவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்க முறை உண்டு. 'ஆர்', பைத்தான் இரண்டிலும் அது ஒரு கட்டளைதான். வேறு எதையும் தொடங்கும் முன் அதைச் செய்துவிடுங்கள். ஔகாரம் மட்டும் அதிலும் தப்பிவிடும்: 'கௌரவம்' என்பதைக் கொம்பும் ளகரமுமாகத் தட்டச்சு செய்தவர்கள் ஏராளம், அதை இயல்பாக்கம் திருத்தாது, நீங்கள்தான் திருத்த வேண்டும்.

இரு கோப்புகளைத் தொகுதிப் பெயர் கொண்டு இணைத்தபோது ஒருமுறை எனக்கு 234 வரிகளுக்குப் பதில் 219 வரிகள்தான் வந்தன. வரைபடம் போட்டு, அதற்கு விளக்கமும் எழுதி முடித்த பிறகே கவனித்தேன். விடுபட்டவற்றில் பல, ஓகாரக் குறி வரும் பெயர்கள். சில, ஒரு கோப்பில் பெயருக்குப் பின் '(தனி)' என்று இருந்து மற்றொன்றில் இல்லாத தொகுதிகள். எழுதிய விளக்கம் முழுவதையும் அழிக்க நேர்ந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு இணைப்புக்குப் பிறகும் வரிகளை எண்ணிப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போவதில்லை. நீங்களும் அப்படியே செய்ய வேண்டுகிறேன்.

கேள்வி: சமூக ஊடகங்களில் லட்சக்கணக்கானோர் கருத்துச் சொல்லும்போது, சில ஆயிரம் பேரிடம் வீடு வீடாகச் சென்று கேட்கும் கருத்தாய்வு எதற்கு?
வாசகர், தஞ்சாவூர்

எத்தனை பேர் என்பதை விட, யார் யாரிடம் கேட்கிறோம் என்பதே முக்கியம் என்பதால். அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' வார இதழ் 1936 அதிபர் தேர்தலின்போது சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டை அஞ்சலில் அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்றது. ஆல்ஃபிரட் லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. வென்றவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், அதுவும் 48 மாநிலங்களில் 46-ஐக் கைப்பற்றி. பெறுநர்களின் முகவரிகள் தொலைபேசி ஏடுகளிலிருந்தும் கார் உரிமையாளர் பட்டியல்களிலிருந்தும் எடுக்கப்பட்டவை. பொருளாதார நெருக்கடிக் காலத்தில் அவை வசதி படைத்தோரின் பட்டியல்கள். பதில் எழுதியவர்களிலும் ரூஸ்வெல்ட்டின் எதிர்ப்பாளர்களே மிகுதி. மிகச் சிறிய மாதிரியைக் கொண்டு கருத்தாய்வாளர் ஜார்ஜ் கேலப் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார்.

இதற்கு மறுபக்கமாக, ராகபேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டுஃப்லோ இருவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வை எண்ணிப் பாருங்கள். மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் 265 ஊராட்சிகள்தான் அவர்களுடைய தரவு. ஆனால் 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள், ஊர்க்காரர்களின் விருப்பத்தைச் சாராமல் குலுக்கல் போல அமைந்திருந்தன; அதனால் ஒதுக்கீடு உள்ள ஊரையும் இல்லாத ஊரையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. பெண்கள் தலைவர்களான ஊராட்சிகளில் குடிநீருக்குக் கூடுதல் முதலீடு நடந்திருந்ததை அவர்கள் காட்டினார்கள். அந்த 265 ஊராட்சிகள் சொல்லும் செய்தியை எத்தனை லட்சம் பதிவுகளாலும் சொல்ல முடியாது என்பது என் கருத்து.

கேள்வி: நிரலைச் செயற்கை நுண்ணறிவே எழுதிக் கொடுக்கிறது, செய்தித் தலைப்புகளையும் அதுவே வகைப்படுத்துகிறது. இனிக் கற்பதற்கு என்ன இருக்கிறது?
இளங்கலை மாணவர், கோயம்புத்தூர்

அது எழுதும் நிரலைப் பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் விடை சரியா என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். தலைப்புகளை வகைப்படுத்த அதைப் பணிக்கும் முன், இருநூறு தலைப்புகளை நீங்களும் ஒரு தோழரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வகைப்படுத்துங்கள். நீங்கள் இருவரே ஒத்துப்போகாவிட்டால் உங்கள் வகைப்பாடு இன்னும் தெளிவடையவில்லை; எந்தக் கருவியும் அதைத் தெளிவாக்காது. இருவரும் ஒத்துப்போனபின், கருவியின் விடைகளை அந்த இருநூறோடு ஒப்பிட்டு, எத்தனை இடத்தில் தவறியது, எந்த வகைத் தலைப்பில் தவறியது என்று எழுதுங்கள். எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எந்த நாள் என்பதையும் குறியுங்கள். அவை மாறிக்கொண்டே இருப்பவை.

சரிபார்ப்பின் மதிப்பை உணர்த்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு புகழ்பெற்ற பொருளியலாளர்கள் 2010-இல் வெளியிட்ட கட்டுரை, அரசின் கடன் நாட்டின் உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் சராசரி வளர்ச்சி −0.1 சதவீதமாகச் சரிகிறது என்றது. சிக்கனக் கொள்கைக்கு ஆதரவாகப் பல நாடுகளில் அது மேற்கோள் காட்டப்பட்டது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் படித்த தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார், வரவில்லை. கட்டுரையாளர்களிடமிருந்து எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, சராசரி எடுத்த கட்டங்களில் ஐந்து நாடுகள் சேரவேயில்லை என்பது தெரிந்தது. சில ஆண்டுகளின் தரவு விடுபட்டதும் எடையிட்ட முறையும் அதை விடப் பெரிய காரணங்கள். தம் ஆசிரியர்கள் இருவருடன் 2013-இல் அவர் வெளியிட்ட திருத்திய எண் +2.2 சதவீதம். அவருக்கு உதவியது, எண் எங்கிருந்து வருகிறது என்று வரி வரியாகப் பார்க்கும் பழக்கம். கற்பதற்கு இருப்பது அதுதான். அதற்கு நிரலை எழுத முடியாவிட்டாலும் படிக்கவாவது தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: நான் உறுப்பினராக உள்ள வாட்ஸ்அப் குழுக்களின் அரசியல் உரையாடல்களை, பெயர்களை நீக்கிவிட்டு ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா? இவற்றையெல்லாம் முறையாகக் கற்க எங்கே போவது?
ஆய்வு மாணவி, மதுரை

குழுவினரின் இசைவு இல்லாமல் கூடாது. பெயரை நீக்குவது போதும் என்று நம்பி, 2008-இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவர்களின் ஃபேஸ்புக் விவரங்கள் பொதுவில் வெளியிடப்பட்டன. துறைகளின் பட்டியல் போன்ற சிறு தடயங்களைக் கொண்டே அது ஹார்வர்ட் என்று பிறர் விரைவில் கண்டுபிடித்துவிட்டார்கள். நம் ஊர்க் குழுக்களில் ஒருவர் எழுதும் நடையை வைத்தே பக்கத்து வீட்டார் ஆளைச் சொல்லிவிடுவார்கள். அரசியல் பேச்சுக்காக ஒருவர் வேலையையோ உறவையோ இழக்க நேர்ந்தால் அதற்கு உங்கள் ஆய்வேடு ஈடாகாது. குழுவில் வெளிப்படையாகக் கேளுங்கள். மறுப்பவர்களின் செய்திகளை விட்டுவிடுங்கள்.

கற்பதற்கு, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மேத்யூ சால்கானிக் எழுதிய 'பிட் பை பிட்' என்ற நூலின் முழு வடிவம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நிரல் தெரியாதவரும் படிக்கலாம், ஆய்வு அறம் குறித்த இயல் அதில் மிகச் சிறப்பானது. அவரும் கிறிஸ் பெயிலும் 2017-இல் தொடங்கிய கணினிவழிச் சமூக அறிவியல் கோடைப் பயிலரங்கின் பாடங்களும் திறந்தே இருக்கின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்திலும் 1960-களிலிருந்து நடக்கும் கோடைப் பள்ளிகள் புகழ்பெற்றவை, ஆனால் செலவு மிகுந்தவை. இந்தியத் தேர்தல் தரவுக்கு அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் தொகுத்துள்ள 'லோக் தாபா' தளத்தைப் பாருங்கள்.

பாடம் கேட்பதோடு நிறுத்தாமல் ஒன்று செய்யுங்கள். ஹார்வர்ட் டேட்டாவெர்ஸ் களஞ்சியத்தில், வெளியான கட்டுரைகள் பலவற்றின் தரவும் நிரலும் பொதுவில் வைக்கப்பட்டிருக்கின்றன. உங்களுக்குப் பிடித்த ஒரு கட்டுரையைத் தேர்ந்தெடுத்து, நிரலைத் திறக்காமல் தரவை மட்டும் கொண்டு அதன் முதல் அட்டவணையை நீங்களே உருவாக்க முயலுங்கள். ஒரு வாரம் ஆகலாம். எண்கள் ஒத்துவராமல் இரவெல்லாம் தேடலாம். ஒத்துவந்த பின்னரோ, தேடிச் சலித்த பின்னரோ ஆசிரியரின் நிரலைத் திறந்து, எந்த வரியில் அவர் ஒரு வழியாகவும் நீங்கள் வேறு வழியாகவும் சென்றீர்கள் என்று குறித்து எனக்கு எழுதுங்கள். அடுத்து வரும் இதழ் ஒன்றில் அதையே எடுத்துக்கொண்டு பேசுவோம்.